மாவும் சீனியும் வந்த வழி

மாலை ஆறரை மணிக்கு அந்தச் சந்திக் கடையில் தகடு கல்லில் விழும் ஓசை தொடங்கும். யாழ்ப்பாணத்துக் குருநகரின் ஒழுங்கையொன்று வந்து வீதியில் ஏறும் இடம் அது. கல்லில் எண்ணெய் விட்டு, வெங்காயம், கறிவேப்பிலை, லீக்ஸ், துருவிய கரட், இரண்டு முட்டை. அதன்மேல் மத்தியானமே சுட்டு அடுக்கிய ரொட்டி. அதன்மேல் கோழிக் குழம்பு ஒரு அகப்பை. இரண்டு தகடுகளாலும் கொத்திப் பிரட்டி எடுக்கச் சில நிமிடம் போதும். லஞ்ச் சீற்றில் கொட்டி, பேப்பரில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டால் கொத்துப் பொதி தயார். ஒரு பொதி இரண்டு பேருக்குக் காணும் என்று கடைக்காரர் சொல்வார். நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் வீடுகளை நான் அறிவேன்.

அன்று எனக்கு முன்னால் நின்ற பெண் கடலுணவு பதனிடும் இடமொன்றில் வேலை செய்கிறவர். காலை ஆறு மணிக்குப் போனவர், அப்போதுதான் பஸ்ஸால் இறங்கியிருந்தார். இரண்டு கொத்தும் ஒரு சோடாப் போத்தலும் வாங்கினார். “வீட்டை போய் அடுப்பு மூட்டிச் சமைச்சு முடிய ஒன்பது மணியாகும் தம்பி. பிள்ளையள் அதுக்கிடையிலை படுத்திடுங்கள்” என்றார். நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. என் பார்வை சோடாப் போத்தலில் நின்றதை அவர் கண்டிருக்க வேண்டும்.

வறிய மக்கள் வாழும் இடங்களில் துரித உணவை அரசு கட்டுப்படுத்த வேண்டுமா? கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் ‘வறிய மக்கள் வாழும் இடங்களில்’ என்ற நாலு சொல்லையும் அந்தக் கேள்வியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்த நாலு சொல் யாழ்ப்பாணத்தில் என்ன வேலை செய்யும் என்பதை அறிந்தவர்கள் அதை ஒரு சட்டத்துக்குள் வைக்கத் துணிய மாட்டார்கள்.

முதலில் நோயைப் பற்றி. சலரோகம் இன்று எங்கள் வீடுகளில் ஒரு குடும்ப அங்கத்தவரைப்போல இருக்கிறது. கிளினிக் கொப்பி இல்லாத வீடு குறைவு. இலங்கையில் 2005, 2006 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்குச் சலரோகம் என்று கண்டது. 2018, 2019 ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த இன்னொரு ஆய்வு நாலு பேரில் ஏறத்தாழ ஒருவர் என்கிறது. அளந்த முறைகள் வேறாக இருக்கலாம். போகும் திசை ஒன்றுதான். முதல் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அது ஏழு மாகாணங்களில் மட்டும் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நாடு தன் இரத்தத்தில் சீனியை அளந்துகொண்டிருந்த நாட்களில் யாழ்ப்பாணம் அந்தக் கணக்கிலேயே இல்லை.

மறுபக்கத்தில், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும், 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள் என்றும் காட்டியது. தாய்க்குச் சீனி வருத்தம், பிள்ளைக்கு நிறை காணாது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சட்டியிலிருந்து வருகின்றன. வயிற்றை நிரப்புகிற, உடலை நிரப்பாத சாப்பாடு இந்த இரண்டையும் சேர்த்தே செய்கிறது. ஆகவே, மக்கள் விரும்பியதைச் சாப்பிடட்டும், அரசுக்கு இதில் என்ன வேலை என்று ஒதுங்குகிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது. பிள்ளைக்குத் தெரிவு என்று ஒன்று இல்லை. முன்னால் வைத்ததைச் சாப்பிடும்.

வறியோர் பகுதி என்று கோடு கீறித் தடை போட்ட ஊர்களில் மிகவும் பேசப்பட்டது அமெரிக்காவின் தென் லொஸ் ஏஞ்சல்ஸ். கறுப்பின, லத்தீன் மக்கள் செறிந்து வாழும் அந்தப் பகுதியில் தனிக் கட்டடமாக அமையும் புதிய துரித உணவகங்களுக்கு 2008ஆம் ஆண்டு நகரசபை தடை விதித்தது. முன்னின்றவர் அப்பகுதியின் உறுப்பினர் ஜான் பெரி. எண்ணம் நல்லது, தன் மக்கள் மீதிருந்த அக்கறையில் பிறந்தது. 2015இல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தினர் பின்னோக்கிப் பார்த்தபோது, தடைக்குப் பிந்திய ஆண்டுகளில் உடற்பருமன் எல்லா இடமும் கூடியிருந்தது. தடை இருந்த பகுதியில் மற்ற இடங்களைவிட வேகமாகக் கூடியிருந்தது. காரணம் கடினமானதல்ல. அந்தத் தெருக்களில் புதிதாக முளைத்தவை பெரும்பாலும் சின்னப் பெட்டிக்கடைகள். சோடாவும் உப்புத் தீனியும் விற்ற அந்தக் கடைகளைச் சட்டம் தொடவில்லை. கடைத்தொகுதிக்குள் திறக்கும் உணவகத்தையும் தொடவில்லை. ஏற்கெனவே இருந்தவை இருந்தபடியே இருந்தன.

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரம் 2015 முதல் புதிய பொதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடம் கொடுப்பதை மிகவும் இறுக்கியது. கடைகள் உண்மையாகவே குறைந்தன. பிள்ளைகளின் உடற்பருமனில் நகர் முழுவதற்கும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. வறிய பகுதிகள் சிலவற்றில் ஓரளவு குறைவு காணப்பட்டது. இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. கோடு கீறுவதால் ஒன்றுமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. கோட்டை எங்கே, யாரைச் சுற்றிக் கீறுகிறோம் என்பதுதான் என் கவலை.

யாழ்ப்பாணத்தில் துரித உணவை யார் விற்கிறார்கள்? 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோது கே.எப்.சி.யும் வந்தது. பின்னர் பீட்சாக் கடைகளும் வந்தன. இவை நிற்பது நகரின் நடுவில். அங்கே போவது பிறந்தநாளுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா அழைத்துப் போகும்போது, சோதனை முடிவு வந்த அன்று. நாவாந்துறையிலோ பாஷையூரிலோ கொழும்புத்துறையிலோ இருக்கும் குடும்பத்தின் அன்றாடச் சாப்பாட்டில் அவற்றுக்கு இடமில்லை. அங்கே அன்றாடம் விலைப்படுவது கொத்து, றோல்ஸ், பற்றிஸ், பணிஸ், பாண், பிஸ்கற், சோடா. விற்பவரும் அதே ஒழுங்கையில் இருப்பவர்தான். கணவனைப் போரில் இழந்த பெண், கடலுக்குப் போக முடியாமல் முதுகு பிடித்தவர், கடன் எடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கியவர். லொஸ் ஏஞ்சல்ஸ் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து ‘குறைந்த வருமானப் பகுதி’களில் நட்டால் நகர நடுவிலுள்ள கம்பனிக் கடைகளின் ஒரு விளக்கும் அணையாது. இந்தப் பெட்டிகள்தான் மூடப்படும்.

இதைவிட ஆழமான ஒரு காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வறுமையின் வரைபடத்தைக் கீறினால் அது பெருமளவில் சாதியின் வரைபடமாகவே வரும். ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் ஆள் யாரென்று கணக்குப் போடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. இங்கே சாப்பாட்டுக்கடை என்பதே ஒரு போராட்டக் களமாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க் கடைக்குள் போய் இருக்க முடியாது. வெளியில் நிற்க வேண்டும். தேநீர் சிரட்டையிலோ போத்தலிலோ புறம்பான பேணியிலோ வரும். 1957இல் இதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைக் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனவர்கள் பொலிசாரின் அடியை வாங்கினார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்தவர்கள் அடிபட்டும் இரத்தம் சிந்தியும்தான் அந்த வாங்குகளில் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சொந்தமாகக் கடை நடத்தும் ஒழுங்கைக்கு ஓர் அதிகாரி வந்து, “இந்தப் பகுதியில் மட்டும் இந்தச் சாப்பாடு விற்கக் கூடாது” என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் அது பழைய சொல்லாகத்தான் காதில் விழும். அப்படி விழுவது நியாயமும்கூட.

சரி, அரசு சாப்பாட்டில் தலையிடலாமா என்று இப்போதுதான் கேட்கத் தொடங்கியதைப்போலப் பேசுகிறோமே, அது சரியா? எண்பது ஆண்டுகளாக அரசு எங்கள் சட்டிக்குள் கைவைத்தபடிதான் இருக்கிறது. பெரும்பாலும் கோதுமை மாவின் பக்கம் நின்று.

இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா யப்பானியர் கையில் விழ, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. அதன் இடத்தைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பின. பஞ்சத்துக்கு வந்த பாண் பஞ்சம் போன பிறகும் போகவில்லை. பிறகு அமெரிக்காவின் உதவிக் கோதுமை வந்தது. 1977இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்தது; 1980இல் திருகோணமலைத் துறைமுகத்தில் மாபெரும் ஆலை ஓடத் தொடங்கியது. அரசு விலை குறைத்துக் கொடுத்த மா சங்கக்கடை வழியாக ஊர் ஊராக வந்தது. மலிவும் கெடாமல் இருப்பதும் எங்கும் கிடைப்பதும் சேர்ந்தால் சமையற்கட்டு தானாக மாறும். பிட்டுக்கு அரிசி மாவோடு கோதுமை மாவைக் கலந்தார்கள். பிறகு அவித்த கோதுமை மாவிலேயே பிட்டும் இடியப்பமும் ஆயின. குரக்கனும் சாமையும் ஒடியல் மாவும் முதியவர்களின் ஞாபகமாகவும், எப்போதாவது காய்ச்சும் கூழாகவும் ஒதுங்கின.

இதற்கு எதிர்த்திசையிலும் அரசு ஒருமுறை தலையிட்டது. 1970க்குப் பின் சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரன் தலை நிமிர்ந்தான். அந்தக் காலத்தில் வெங்காயக் காசில் கட்டிய கல்வீடுகளை வலிகாமத்தில் இன்றும் காட்டுவார்கள். அதே காலம் நாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் பாண் வரிசைகளின் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் துறைமுகத்தில் எடுக்கும் ஒரு முடிவு ஒரு வருடத்துக்குள் வயலையும் சட்டியையும் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

போர் மிச்சத்தைச் செய்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் தோட்டங்களில் ஒரு பெரும்பங்கு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. கிணறும் துலாவும் பசுவும் வைத்து வாழ்ந்தவர்கள் கோணாப்புலம், சபாபதிப்பிள்ளை முகாம்களில் நிவாரண அட்டையோடு வரிசையில் நின்றார்கள். நிவாரணம் என்றால் அரிசி, மா, பருப்பு, சீனி. 2006 ஓகஸ்டில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு முழுவதுமே கப்பலில் வரும் மாவையும் சீனியையும் எதிர்பார்த்து இருந்தது. முகாமில் பிறந்து, முகாமிலேயே கலியாணம் முடித்த தலைமுறை ஒன்று இருக்கிறது. தோட்டத்திலிருந்து கீரை ஆய்ந்து வந்து சமைப்பதை அவர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு அது வாய்க்கவே இல்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டது. வேறு காணிகளும் துண்டு துண்டாக விடுபட்டன. எல்லாம் இன்னும் விடுபடவில்லை. வறிய மக்கள் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று அரசு உண்மையாக நினைத்தால் அந்தக் காணிகளை விடுவிப்பதும் ஒரு சுகாதார நடவடிக்கைதான். இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

கட்டுப்பாடு எங்கே வேலை செய்யும்? பொருளின் மீது. இலங்கை இதில் பின்தங்கிய நாடல்ல. 2016 ஓகஸ்ட் 1 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் மஞ்சள். 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. அந்தப் பெண் வாங்கிய போத்தலை எடுத்துக்கொள்வோம். 400 மில்லிலீற்றர், நூறுக்கு 11 கிராம் என்றால் 44 கிராம் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் பதினொன்று. ஒரு வளர்ந்த ஆள் ஒரு நாளில் சேர்க்கும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நின்றால் மிக நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2017இன் வரி நின்றிருந்தால் அந்தப் போத்தலின் தலையில் 22 ரூபா ஏறியிருக்கும். வரி மறு ஆண்டே தளர்த்தப்பட்டது. அதை நினைக்க எனக்கு இன்றும் கோபம் வருகிறது. குருநகரில் வாங்கினாலும் கொழும்பு கறுவாத்தோட்டத்தில் வாங்கினாலும் ஒரே அளவில் விழும் வரி அது. எவரையும் பெயர் சொல்லிச் சுட்டாது. சீனியைக் குறைத்துத் தயாரிக்கும்படி கம்பனியையே தள்ளும்.

வரி ஏழையைத்தான் கூட அழுத்தும் என்பார்கள். உண்மை. ஆனால் 2014இல் சோடாவுக்கு வரி போட்ட மெக்சிகோவில் வாங்குவதை அதிகம் குறைத்தவர்கள் வறிய குடும்பத்தினர்தான். ஆகவே உடலுக்கு வந்த நன்மையிலும் அவர்களின் பங்கே கூடியது. வரிக்காசு எங்கே போகிறது என்பதே அதன் நியாயத்தைத் தீர்மானிக்கும். பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் நியாயம். திறைசேரியில் கரைந்தால் அநியாயம். இதில் கேரளம் ஒரு வேறு பாடம். 2016இல் நிதியமைச்சர் தோமஸ் ஐசக், பெயர்பெற்ற உணவகங்களின் பர்கருக்கும் பீட்சாவுக்கும் 14.5 வீத வரி போட்டார். மறு ஆண்டு சரக்கு, சேவை வரி வர அது மறைந்துபோனது. வறியோர் தெருவை விட்டுவிட்டு வசதியுள்ளோர் மேசையில் தொடங்கிய வரி என்பதால் அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

இடத்தை வைத்து ஒரு வட்டம் கீறத்தான் வேண்டுமென்றால் அது பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருக்கட்டும். தென்கொரியா 2009 முதல் பாடசாலையைச் சுற்றி 200 மீற்றரைப் பிள்ளைகளுக்கான உணவுப் பாதுகாப்பு வலயமாக்கியது. இந்தியா 2020இல் கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீற்றருக்குள் விற்கத் தடை கொண்டுவந்தது. எங்களிடம் சிற்றுண்டிச்சாலைக்குச் சுற்றறிக்கை இருக்கிறது; படலைக்கு வெளியே ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தோடும் அது நிற்கக் கூடாது. இங்கே பிள்ளை இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்து, அரை வயிற்றோடு ரியூற்றரிக்குப் போய், ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது றோல்ஸும் சோடாவும். ரியூற்றரி வாசலைச் சேர்க்காத வட்டம் எங்கள் ஊருக்குப் பொருந்தாத வட்டம். அந்த வட்டத்துக்குள் நல்லூரும் வரும், நாவாந்துறையும் வரும்.

யார் நடைமுறைப்படுத்துவது என்று கேட்டால்தான் சங்கடம். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பழுதான எண்ணெயைக் கொட்டுவிக்கலாம், காலாவதியான பொருளைப் பறிமுதல் செய்யலாம். நல்ல எண்ணெயில் பொரித்த கெடுதலான சாப்பாட்டை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கடைக்கு அனுமதி கொடுப்பது உள்ளூராட்சி சபை. மாவட்டத்தில் அப்படிப் பதினேழு சபைகள். 2023 மார்ச் முதல் 2025 நடுப்பகுதி வரை அவற்றில் மக்கள் தெரிவுசெய்த ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை. 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்ட பொலித்தீன் லஞ்ச் சீற் அந்தச் சந்திக் கடையில் இன்னும் விரிகிறது. வர்த்தமானியிலிருந்து கல்லுவரை சட்டம் வந்து சேரும் தூரம் அவ்வளவு.

ஆகவே தடையைவிட எனக்கு நம்பிக்கை தருவது ‘அம்மாச்சி’ உணவகம். விவசாயத் திணைக்களம் தெற்கில் ‘ஹெல போஜுன்’ என்று நடத்திய திட்டம் வடமாகாண சபைக் காலத்தில் இந்தப் பெயரோடு இங்கே வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சிக்கு மத்தியானத்தில் போனால் இருக்க இடம் கிடைக்காது. பெண்கள் கண்ணெதிரே சமைக்கிறார்கள். குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, கொழுக்கட்டை. வெளியே விற்பதைவிட விலை குறைவு. கம்பஸ் பிள்ளைகளும் ஓட்டோக்காரரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இடமும் கட்டடமும் அரசு கொடுத்தது. கைப்பக்குவமும் வருமானமும் பெண்களுடையது. 2013இல் சென்னையில் ஒரு ரூபா இட்டலியோடு தொடங்கிய அம்மா உணவகமும் அரசு கையால் நடத்தப்பட்ட நல்ல சாப்பாடுதான். அம்மாச்சியில் சமைக்கிறவரே கடைக்காரராகவும் இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பிடித்த விடயம்.

ஆனால் அம்மாச்சி திருநெல்வேலியில் இருக்கிறது. ஆறரை மணிக்குக் குருநகரில் பஸ்ஸால் இறங்குகிற பெண்ணுக்கு அது வேறொரு ஊர். 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட பிறகு அவருக்குப் பஸ் காசும் ஒரு கணக்குத்தான். அவருடைய வழியில், அவர் வரும் நேரத்தில், அவர் கொடுக்கும் காசுக்கு, கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு பிட்டுப் பொதி வேண்டும்.

இதை அந்தச் சந்திக் கடைக்காரரிடமே கேட்டுப் பார்த்தேன். கொத்தோடு குரக்கன் பிட்டும் ஒரு சம்பலும் போட்டுப் பார்க்கலாமே, வாங்க ஆட்கள் இருப்பார்களே என்றேன். அவர் தகட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“வாங்குவினம் தம்பி. வாங்க மாட்டினம் எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் கோதுமை மாவை வானிலை கொண்டுவந்து வாசல்லை இறக்கிப்போட்டுப் போறாங்கள். காசு அடுத்த கிழமை. சோடாக்காரன் பிறிட்ஜும் சும்மா தந்தவன். குரக்கனை ஆர் எனக்கு அப்பிடிக் கொண்டுவந்து தருவினம்?”

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். தகடு மறுபடியும் கல்லில் விழத் தொடங்கியது.